ஆட்காட்டிக் குருவியும் கைமாறிய போனும்

ஒரு காட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். இருந்தது என்று எழுத வேண்டுமோ என்னவோ. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று முதல் வரியிலேயே பயமாக இருக்கிறது. நீதி கடைசியில்தான் வர வேண்டுமாம். எனக்கு அது பாதியிலேயே வாய்க்கு வந்துவிடும். அடக்கிக்கொண்டு சொல்கிறேன்.

அவள் பெயர் முத்துப்பேச்சி. மஞ்சள் கால், கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. குளக்கரையில் சரளைக்கல் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில் புருஷன் கொம்பையாவோடு குடியிருந்தாள். அந்த நிலம் காட்டுச் சபை கொடுத்தது. அதற்கு வாடகை கிடையாது. ஆபத்து வருகிறது என்றால் அவள் கத்த வேண்டும், அவ்வளவுதான்.

அவளும் கத்தினாள். குறையே சொல்ல முடியாது. ஆள் வந்தால் கத்துவாள். ஆள் போனாலும் கத்துவாள். மேகம் குளத்தில் நிழலாக ஊர்ந்தால் கத்துவாள். பழுத்த இலை பொத்தென்று விழுந்தால், அது விழுந்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கத்துவாள். அதனால் கேட்டுக் கேட்டு, காட்டுக்கு அவள் சத்தம் தவளைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் உண்மையாகவே சிறுத்தை வந்தது. முத்துப்பேச்சி தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவரும் தலை தூக்கவில்லை. மான் வீட்டில் ஒரு குட்டி குறைந்தது.

மறுநாள் சபை கூடியது. செயலாளர் முள்ளம்பன்றி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் கத்தினேன் என்று சத்தியம் செய்தாள்.

"நீ கத்துனது கேட்டுச்சும்மா," என்றார் முள்ளம்பன்றி. "நீதானேன்னுதான் நாங்க எந்திரிக்கல."



அன்று ஒரு தீர்மானம் போட்டார்கள். இனிமேல் வாயால் கத்துவது செல்லாது. எல்லார் போனிலும் 'காட்டு மக்கள் நலக் குழு' என்று ஒரு குழு இருக்கிறது. எச்சரிக்கை எதுவானாலும் அதில் எழுத்தில் வர வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்துக்குள் ஆட்காட்டியிடமிருந்து ஒரு செய்தியாவது வராவிட்டால், காவல் வேலையும் சரளை நிலமும் மைனாவுக்குப் போய்விடும். மைனாவிடம் மூன்று கேமரா வைத்த போன் இருந்தது.

முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்து அழுதாள். ஏனென்றால் நாலு நாளைக்கு முன்னால்தான் அந்தச் சரளையில் நாலு முட்டை இட்டிருந்தாள். மரத்துக் கூடு என்றால் அலகில் தூக்கிக்கொண்டாவது போகலாம். கல்லோடு கல்லாகக் கிடக்கிற முட்டையை எங்கே கொண்டு போவது? பொரிக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பௌர்ணமிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

அவளிடம் சிம் மட்டும்தான் இருந்தது, போன் இல்லை. புதுப் போன் விலை அவளுக்கு எட்டாது. வீட்டில் இருந்தது இரண்டு படி தினை. அதை எடுத்துக்கொண்டு ஆலமரத்து வேரடியில் பழைய போன் விற்கிற பெருச்சாளி அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"பழசுன்னு சொல்லாத தாயி," என்றார் அண்ணாச்சி. "ரீஃபர்பிஷ்டு. பழசை நம்ம கையால புதுசாக்கியிருக்கு."

தினையை எட்டிப் பார்த்துவிட்டு, வளையின் உள்ளே போய், ஒரு போனை வயிற்று மயிரில் தேய்த்துக்கொண்டே எடுத்து வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் மட்டும் மேலிருந்து கீழே நாலு கோடுகள், வரிசையாக. அது என்ன என்று கேட்டாள். டிசைன் என்றார்.

"யாரு வச்சிருந்தது அண்ணாச்சி?"

"பெரிய இடம். ஒரே கை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பகல்ல போனைத் தொடுறதே இல்ல."

"அப்புறம் எதுக்கு வித்தாரு?"

"கை பெரிசு தாயி. ஒண்ணைத் தொட்டா நாலு அமுங்குது. பெரிய போனா வாங்கிட்டாரு. நம்பரும் புது நம்பர்."

மூன்று மாதம் வாரண்டி என்றும் சொன்னார். தண்ணீர் பட்டால் கிடையாது, கீழே விழுந்தால் கிடையாது, வெயிலில் வைத்தால் கிடையாது. குளக்கரையில் குடியிருப்பவர்களுக்கு மொத்தமாகவே கிடையாது. முத்துப்பேச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தன் சிம்மைப் போட்டுத் திறந்து பார்த்தாள். அந்த நலக் குழு முன்பே உள்ளே இருந்தது. யாரிடமும் போய் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது.

ஆனால் ஓரத்தில் வட்டமாக ஒரு படம் இருந்தது. சிறுத்தையின் முகம். பல் எல்லாம் தெரிந்தது. ஓரடி துள்ளிப் பின்னால் போனாள்.

அந்தக் காட்டில் வளைக்கு வளை, பொந்துக்குப் பொந்து வாசலில் ஒரு கோர முகம் தொங்கும். நாக்கு நீட்டி, பல் காட்டி, கண்ணை உருட்டிக்கொண்டு. முத்துப்பேச்சியே தன் சரளைக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த பானையில் மீசை வரைந்து கவிழ்த்து வைத்திருந்தாள். முட்டை இருக்கிற இடம் அல்லவா. எனவே அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"திருஷ்டிப் படந்தானே அண்ணாச்சி?"

பெருச்சாளி அவளை ஒரு தடவை பார்த்தார். தினையை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா தாயி. அதுக்குத் தனியா காசு வாங்குறதில்ல."

வீட்டில் கொம்பையா முட்டை மேல் உட்கார்ந்திருந்தான். பழைய ஆளுடையது எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொன்னாயா என்று கேட்டான். அதெல்லாம் எதற்கு அழிப்பது, குழு, திருஷ்டிப் படம் எல்லாம் சேர்த்தே கொடுத்திருக்கிறார் என்றாள். கொம்பையா அந்த நாலு கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்திருக்கலாம். முட்டை ஆறிவிடும் என்று அவன் எழவில்லை.

மறுநாளே வேலை வந்தது. ஓடைப் பக்கம் நாணலில் புள்ளி புள்ளியாக ஏதோ அசைந்தது. பழக்கத்தில் முதலில் வாயால் கத்தினாள். கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் காதைக்கூட அசைக்கவில்லை. பிறகு நினைவு வந்து, ஓடிப்போய், அலகால் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தினாள். புளியமரத்தடிப் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தாள்.

"சிறுத்தை ஓடைக்கரை. தெற்கே வருகிறது."

இரண்டு நொடி ஒன்றும் இல்லை. பிறகு காடே எழுந்து வடக்கே ஓடியது. மான், முயல், பன்றி எல்லாம். புழுதி அடங்கியதும் குழுவில் முள்ளம்பன்றியின் பதில் வந்து கிடந்தது: "தகவலுக்கு மிக்க நன்றி ஐயா." பின்னால் ஆறு கும்பிடு.

ஐயா என்று எதற்குப் போட்டார் என்று அவளுக்கு யோசனை வந்தது. ஆபீஸ் கடிதத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் போடுவார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள். பிறந்தது முதல் அவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அந்த வரியைக் கொம்பையாவிடம் நாலு தடவை வாசித்துக் காட்டினாள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் எழுதியது மற்றவர்கள் போனில் 'சிறுத்தையார்' என்ற பெயரில், அந்தப் பல் தெரியும் முகத்தோடு போய் விழுந்தது. குழு தொடங்கிய நாளில் எல்லாரையும் சேர்க்கும்போது சிறுத்தையையும் சேர்த்துவிட்டார்கள். பிறகு நீக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர் இதுவரை குழுவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது தாமாகவே வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய மனசு. தன்னைத்தானே சிறுத்தை வருகிறது என்று எழுதுகிறாரே என்று ஒரு முயல் சந்தேகப்பட்டதாம். பெரியவர்கள் தங்களைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள் என்று பன்றி சொல்லி அடக்கிவிட்டது.

முத்துப்பேச்சிக்கு உற்சாகம் பிடித்தது. தினமும் எழுதினாள். சிறுத்தை வந்தாலும் எழுதினாள், வராவிட்டாலும் ஏதாவது எழுதினாள். ஒரு நாள் காலையில் தாமரைப்பூப் படம் ஒன்று அகப்பட்டது. எல்லாரும் செய்கிறார்களே என்று, "இனிய காலை வணக்கம். இந்த நாள் உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும்" என்று போட்டாள். அன்று பத்து முயல் வீடுகளில் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அறுபத்து மூன்று பேர் பதில் வணக்கம் போட்டார்கள். போடாமல் விட்டவர்கள் மத்தியானத்துக்குள் நினைவு வந்து போட்டார்கள்.

இன்னொரு நாள் பலத்த காற்று. வாகை மரத்தில் ஒரு கிளை முறிந்தது. "ஏதோ சத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டாள். அதைப் படித்த காடு, சிறுத்தையே பயப்படுகிறது என்றால் வருவது என்னவோ என்று மலைக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டது.

இப்படியே பௌர்ணமி வந்தது. பத்து நாளில் ஒரு குட்டிகூடக் குறையவில்லை. காலையில் சபை கூடியது. முத்துப்பேச்சி இறகைக் கோதிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றாள். மாலை போடுவார்களோ என்றுகூட ஒரு நினைப்பு.

முள்ளம்பன்றி எழுந்து, சிறுத்தையாருக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் வாசித்தார். பசி வேளையிலும் பிறர் நலம் கருதி முன்தகவல் தரும் பண்பு என்றெல்லாம் அதில் இருந்தது. கரவொலி அடங்க நேரமானது. முத்துப்பேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வரியை அவர் வாசித்தார். அவகாசம் கொடுத்தும் ஆட்காட்டி குழுவில் ஒரு செய்தியும் போடவில்லை. ஆகவே சரளை நிலம் இன்று முதல் மைனாவுக்கு.

மைனா சுள்ளி, நார் எல்லாம் கட்டி எடுத்தே வந்திருந்தது.

"நாந்தானய்யா போட்டேன்," என்றாள் முத்துப்பேச்சி. "பதினேழு செய்தி போட்டேன். பூப்படம் வேற."

சபை சிரித்தது. குட்டியைப் பறிகொடுத்த தாய் மான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் போனை நீட்டி, "இங்க பாரு பேச்சி, யாரு பேரு போட்டிருக்குன்னு," என்றாள்.

பார்த்தாள். சிறுத்தையார். சிறுத்தையார். சிறுத்தையார். பதினேழு தடவையும் அந்த வட்டப் படம். அது திருஷ்டிக்கு வைத்தது இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் அந்த நாலு கோடு எதனால் விழுந்தது என்பதும்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் நாளையிலிருந்து இவர்கள் ஓடமாட்டார்கள், இவள்தானே என்று படுத்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் இன்று சாயங்காலத்துக்குள் மைனா வந்து கொம்பையாவை எழுப்பிவிடும். முட்டை ஓட்டுக்குள் இப்போதுதான் உயிர் துடிக்கத் தொடங்கியிருந்தது. காதை வைத்தால் அவளுக்குக் கேட்கும்.

நெஞ்சை அடைக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, காரைப் புதருக்குப் பின்னால் போனாள். கொத்தினாள்.

சபையில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. முள்ளம்பன்றி எடுத்து வாசித்தார். பாதி வாசிப்பிலேயே அவர் முள் எல்லாம் எழுந்து நின்றது.

"சரளை நிலம் ஆட்காட்டியிடமே இருக்கட்டும். அவள் கத்துவதைக் கேட்டால் எனக்குப் பசி அடங்குகிறது. வேறு யாராவது அங்கே குடிவந்தால் பசிக்கும்."

தீர்மானம் எதிர்ப்பு இல்லாமல் மாற்றப்பட்டது. அந்தச் சரளை தன் உடம்புக்கு ஆகாது என்று முதலிலேயே நினைத்ததாக மைனா சொன்னது. சுள்ளிக்கட்டை எடுக்கவும் மறந்து பறந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் சிறுத்தையே வந்துவிட்டது.

முத்துப்பேச்சி கத்தவில்லை. ஆட்காட்டிகளுக்குப் பரம்பரையாக ஒரு வித்தை உண்டு. எதிரி வந்தால் சிறகு ஒடிந்த மாதிரி தரையில் புரண்டு, அவனை முட்டையிலிருந்து தள்ளி இழுத்துக்கொண்டு போவார்கள். அவள் உடனே விழுந்து புரண்டாள்.

"எந்திரிம்மா," என்றது சிறுத்தை. "அதெல்லாம் எங்க அம்மா காலத்திலேயே பார்த்தாச்சு."

அது மெலிந்து, விலா எலும்பு தெரிய, சரளையில் உட்கார்ந்தது. அதன் பாதத்துக்கும் முதல் முட்டைக்கும் ஒரு சாண் இருக்கும். முட்டை முட்டை என்று அதற்குத் தெரியவில்லை. கல் என்று நினைத்தது. கொம்பையா பக்கத்தில் ஒரு கல்லைப் போலவே அசையாமல் இருந்தான்.

சண்டை போட வரவில்லை என்றது. தன் கஷ்டத்தைச் சொன்னது. அந்தக் குழுவில் மான்களும் பன்றிகளும் தினமும் படம் போடுவார்களாம். ஓடைக்கரையில் குடும்பத்துடன், நெல்லிமரத்தடியில் தோழிகளுடன் என்று. அது படத்தைப் பார்க்கும், பின்னால் தெரியும் மரத்தை அடையாளம் கண்டு அங்கே போகும். மோப்பம் பிடித்தே பல வருஷம் ஆகிவிட்டதாம். போனை மாற்றினதும் குழு போய்விட்டது. சரி, பழையபடி மூக்கையே நம்புவோம் என்று போனால், போகிற இடமெல்லாம் தனக்கு முன்னால் காலியாகிறது. புது நம்பரிலிருந்து முள்ளம்பன்றிக்குக் கூப்பிட்டுத் தன்னைச் சேர்க்கச் சொன்னதாம். சிறுத்தையார் ஏற்கெனவே குழுவில் இருக்கிறார், நீ யாருடா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாராம்.

"பெருச்சாளிதான் சொன்னான், போன் உங்கிட்ட இருக்குன்னு. அதுலேருந்து நீயே எழுதிடு. இதான் என் புது நம்பர், சேர்த்துக்கோங்கன்னு. எனக்கு எழுதப் படிக்க வராது."

பெரிய இடத்துப் பிள்ளை. சின்ன வயதில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பேசிக்கொண்டே அது காலை மாற்றி வைத்தது. சாண் விரற்கடையாகக் குறைந்தது.

"இந்தா எழுதிடுறேன் ஐயா," என்றாள் முத்துப்பேச்சி. "அந்தக் காலை மட்டும் கொஞ்சம் நிழலுக்கு எடுத்துக்கோங்க. கல்லு சுடும்."

சிறுத்தை நன்றியோடு காலை எடுத்துக்கொண்டது. அவள் அதன் கண் முன்னாலேயே, ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல் கொத்தினாள். அது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எச்சரிக்கை. என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் திரிகிறான். பார்க்க என்னைப் போலவே இருப்பான். போன் செய்தால் எடுக்காதீர்கள். நேரில் கண்டால் நின்று விசாரிக்காமல் ஓடிவிடுங்கள். இப்போது சரளை நிலத்திலிருந்து கிளம்புகிறான். — சிறுத்தையார்."

எழுதியாச்சா என்று கேட்டது. எழுதியாச்சு என்றாள். செயலாளர் பார்த்து முடிவு செய்வார், கோரிக்கை நிலுவையில் இருக்கும் என்றாள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு, அதெல்லாம் நம் கையில் இல்லை ஐயா என்றாள். சிறுத்தை அதை ஒப்புக்கொண்டு, நாணல் பக்கம் நடந்து போனது.

முட்டை நாலும் பொரிந்தன. குஞ்சுகள் இப்போது கரையில் ஓடுகின்றன. சிறுத்தை ஓடையில் நண்டு பிடித்துத் தின்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை தூரத்தில் நின்று சேர்த்துவிட்டார்களா என்று கேட்கும். முத்துப்பேச்சி போனை எடுத்து, மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது போலப் பார்த்து, இன்னும் நிலுவைதான் ஐயா என்பாள். அது போனதும், எந்தப் பக்கம் போகிறது என்று அதன் பெயரிலேயே குழுவில் எழுதிவிடுவாள்.

நீதி: உண்மையைச் சொல்ல வாய் போதும், அதை நம்பவைக்கப் பல் வேண்டும். சொந்தமாகப் பல் இல்லாதவர்கள், நல்ல நிலையில் உள்ள பழைய பல் ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். முன்பு யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது.